கோட்லஸ் போனில் கதைப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் குற்றமா?

கேட்டவர் கிளிநொச்சிக்காரர். கடையில் கோட்லஸ் போன் பாவிக்கிறாராம். பக்கத்து வளவுப் பெடியன் ஏதோ ரேடியோ செட் வைத்து இவர்கள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, "காத்திலை வாறதை ஆரும் கேக்கலாம், எந்தச் சட்டமும் ஒண்டும் செய்யேலாது" என்கிறானாம். அது உண்மையா என்பதுதான் கேள்வி.

உண்மை இல்லை. குற்றம். கேட்டதை வெளியில் சொன்னால்தான் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, பொதுவாக எல்லாரும் கேட்பதற்கென்று அனுப்பப்படாத ஒரு தொடர்பை வேண்டுமென்றே இடைமறித்து, அதில் இருப்பதை முறைகேடாக அறிய முயன்றாலே குற்றம். அது கம்பியில் போனாலும் ஒன்றுதான், காற்றில் போனாலும் ஒன்றுதான். வானொலி எல்லாருக்கும் என்று அனுப்பப்படுவது, அதை யாரும் கேட்கலாம். நீங்கள் மொத்த வியாபாரியோடு கதைப்பது அப்படி இல்லையே.

நான் சட்டத்தரணி இல்லை. வவுனியாவில் ரேடியோ, ரீவி, போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவர்கள் பிழை பிடித்தால் திருத்திக்கொள்கிறேன். ஆனால் இந்த விடயம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2004. சமாதான காலம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது. ரொரன்ரோவிலிருந்து வந்த மாமா அம்மாவுக்கென்று ஒரு கோட்லஸ் போன் கொண்டுவந்தார். கனடாச் சாமான் என்பதால் அதன் அடப்டர் 110 வோல்ட். எங்கள் 230இல் நேரே குத்தினால் புகைந்துவிடும். டவுணில் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் வாங்கி, அதை அலுமாரிக்கு மேலே வைத்து, அதற்கு மேலே போனின் பேஸை, அதாவது தொலைபேசிக் கம்பி கொழுவும் அடிப்பகுதியை, வைத்தோம். கை வைத்தால் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். வயரின் நீளத்துக்குக் கட்டுப்பட்டு நிற்காமல் கிணற்றடிக்குப் போய், துலாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தன் தம்பியான மாமாவோடு கதைப்பா.

அந்த நேரம் அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அம்மா மாமாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அழுதா. செட்டிகுளம் வயல் ஈட்டில் கிடக்கிறது, அதை மீட்காமல் சீதனத்துக்கு எழுத முடியாது, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்று. அப்பாவுக்கும் மாமாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த கதை. மூன்றாம் நாள் தரகர் வந்து முற்றத்துக் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் கையில் எடுக்காமலே கேட்டார்: "வயல் ஈட்டிலையாமே?"

சம்பந்தம் அதோடு நின்றது. வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். அப்பா அம்மாவைப் பேசினார், அம்மா என்னைப் பேசினா. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான்தான் வெளியில் உளறியிருப்பேன் என்று இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு அந்த ட்ரான்ஸ்போமர் எரிந்துபோனது. பேஸ் செத்துக் கிடந்தது, கையில் எடுத்துக் கதைக்கும் கைப்பகுதியில் மட்டும் பற்றறி இருந்தது. சும்மா 'டோக்' பட்டனை அமத்திப் பார்த்தேன். இரைச்சல். சனல் பட்டனை ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆறாவதோ ஏழாவதோ, பக்கத்து வீட்டு அன்ரி டோகாவில் இருக்கும் மகனோடு கதைப்பது பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் கேட்டது. இரண்டு பக்கமும் கேட்டது, மகனின் குரலும் சேர்த்து. அவர்களுக்கும் கனடாவிலிருந்து வந்த அதே சாதிப் போன். நான் உடனே வைக்கவில்லை. நாலைந்து நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அதில்தான் எனக்குப் புரிந்தது, எங்கள் கதையும் இப்படித்தான் போயிருக்கிறது என்று.

இது எப்படி என்றால், அந்தக் காலத்து வட அமெரிக்க கோட்லஸ் போன்களில் பேஸ் 46 மெகாஹேர்ட்ஸ் பக்கமாகவும் கைப்பகுதி 49 பக்கமாகவும் சாதாரண எப்.எம். முறையில் அனுப்பும். மற்றவனுக்கு விளங்காதபடி பேச்சை மாற்றி அனுப்பும் மறையாக்கம் எதுவும் இல்லை. 'செக்யூரிட்டி கோட்' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது மற்றவன் உங்கள் பேஸைப் பிடித்து உங்கள் செலவில் கோல் எடுக்காமல் தடுப்பதற்கு மட்டும். கேட்பதைத் தடுக்காது. பேஸின் அலையைப் பிடித்தால் இரண்டு பக்கப் பேச்சும் அநேகமாகச் சேர்ந்தே வரும். இப்போதும் என் கடைக்கு இப்படியான பழைய போன்கள் திருத்த வருகின்றன. உங்கள் கடையில் இருப்பதும் அதுவென்றால் இன்றைக்கே கழற்றி வையுங்கள். டெக்ட் என்று போட்ட டிஜிற்றல் போன் என்றால் அந்தப் பெடியன் சும்மா ஒரு செட்டை வைத்துக் கேட்க முடியாது.

அவன் சொல்லும் நியாயம் ஒருகாலத்தில் அமெரிக்காவிலேயே செல்லுபடியானது. 1986இல் அங்கே கொண்டுவந்த மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம் செல்லுலார் போனைப் பாதுகாத்தது. ஆனால் கோட்லஸ் போனின் கைப்பகுதிக்கும் பேஸுக்கும் இடையில் காற்றில் போகும் பகுதியை வெளியே விட்டுவிட்டது. யாரும் இலேசாகக் கேட்கக்கூடியது என்பதுதான் காரணம். அந்த ஓட்டையை 1994இல் அடைத்தார்கள். 1996 டிசம்பரில் புளோரிடாவில் ஒரு தம்பதி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அன்றைய சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் வேறு தலைவர்களும் போனில் கதைத்ததை ஸ்கானரில், அதாவது அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ரேடியோவில், பிடித்துப் பதிவு செய்தார்கள். அந்த அழைப்பில் அந்தத் தலைவர்களில் ஒருவரான ஜோன் பெய்னர் காருக்குள் இருந்து செல்போனில் கலந்துகொண்டிருந்தார். தம்பதி குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 500 டொலர் தண்டம் கட்டினார்கள். அவர்களும் காற்றில் வந்ததைத்தான் கேட்டவர்கள்.

"யுத்தம் நடந்த மண்ணில் உயிரே போய்க்கொண்டிருந்தது, போன் கதையைப் பெரிதாக்க வந்துவிட்டான்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதுங்கள். அம்மாவின் ஊர் மல்லாவி. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். வோக்கிடோக்கியில் கதைப்பதை மற்றப் பக்கம் கேட்கும் என்பது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால்தான் காற்றில் சொன்னது எல்லாம் எல்லாருக்கும் போகும், அது இயற்கை என்று எங்கள் சனம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு அதுதான் வலிக்கிறது. அம்மாவுக்கு இப்போது எழுபத்து நாலு வயது. வட்சப்பில் மாமாவோடு கதைக்கிறா. அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, 2016இலிருந்து அப்படித்தான் என்று எத்தனையோ தரம் விளங்கப்படுத்திவிட்டேன். காசு, காணி என்று வந்தால் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தி, "அதை நேரிலை கதைப்பம்" என்கிறா.

அந்த நேரம் நான் விடயத்தைக் கண்டுபிடித்த பிறகு அப்பா போன் சேவை தரும் அலுவலகத்துக்குப் போனார். "வயரிலை பிழை எண்டாச் சொல்லுங்கோ, நீங்கள் கொண்டந்து கொழுவின சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். அது நியாயம் என்றே வைப்போம். பிறகு பொலிசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நாங்கள் தமிழில் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா கையெழுத்து வைத்தார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பதினேழு வருடம் கழித்து வவுனியாவில் நடந்தது இது. போன வருடம் மின்சாரப் பட்டியல் ஒன்றைப் பற்றிக் கேட்டு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்கும் பதில் சிங்களத்தில்தான் வந்தது. அதைப் பக்கத்துக் கடை ஆளிடம் காட்டி, என் வீட்டு நிலுவைக் கணக்கை அவர் உரக்க வாசிக்க, கடையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

சரி, உங்கள் விடயம். கைபேசியிலோ இணையத்திலோ போகும் பேச்சென்றால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் பொருந்தும். அதன் 8ஆம் பிரிவு சட்டப்படி அதிகாரமில்லாமல் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. போன் கொம்பனியில் வேலை செய்பவர் கடமைக்கு வெளியே கேட்டாலும், கேட்டதைச் சொன்னாலும் தொலைத்தொடர்புகள் சட்டத்தில் அகப்படுவார். அரசாங்கம் கேட்பது வேறு கதை. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இல்லை. இந்தியாவில் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று தீர்த்தார்கள்.

அந்தப் பெடியன் கேட்டதாகச் சொன்ன நாள், அவன் திருப்பிச் சொன்ன வசனம், அப்போது பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதனால்தான் எங்களிடம் சந்தேகத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அவனுடைய செட்டில் நீங்கள் கை வைக்கப் போகாதீர்கள், பிறகு குற்றம் உங்கள் பக்கம் திரும்பும். பொலிசுக்குப் போனால் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.