செங்காந்தள் கொடி மார்கழியில் காய்ந்துவிட்டது. இனி முளைக்குமா?

முளைக்கும். காய்ந்தது கொடிதான், கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பதால்தான் கிழங்கு அழுகுகிறது. தொட்டியை மழை படாத இடத்தில் வையுங்கள். ஆனி, ஆடியில் தானே தலைகாட்டும்.

மாற்றி நடுவதென்றால் அதற்கு முன்பே செய்யுங்கள். கிழங்கு கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். முளை இருப்பது ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மட்டும்தான். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தத் துண்டு வீண். 50 கிராமுக்கு மேல் எடையிருந்தால் அந்த வருடமே பூக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு. கிழங்கைப் படுக்கவைத்து நான்கு விரல் ஆழத்தில் மூடுங்கள். தண்ணீர் தேங்கவே கூடாது.

பலர் கோட்டைவிடுவது கொம்பில். இந்தக் கொடி பற்றிக்கொள்வது இலை நுனியின் சுருளால். தடித்த மூங்கிலை அதனால் சுற்ற முடியாது. மெல்லிய விளார், வலை, பழைய வேலிக்கம்பி போதும். முளை வருவதற்கு முன்பே நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் கிழங்கில் இறங்கும்.

கருப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி வைத்த புழு வந்தால் சில நாளில் இலையை மொட்டையடித்துவிடும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலுடன்.

"விஷச்செடியை வீட்டில் வளர்க்கச் சொல்கிறீர்களே" என்று யாராவது வருவார்கள். விஷம்தான், கோல்கிசின் என்ற நச்சு செடி முழுக்க இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். தின்றால் உயிர் போகும். குழந்தையோ ஆடுமாடோ எட்டும் இடத்தில் வேண்டாம், வாடிய பூவைக் காயாக விடாமல் கிள்ளுங்கள். ஆனால் நெடுஞ்சாலை நடுவே அரளி நிற்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை.

பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி மகரந்தத்தைவிட்டு விலகி நிற்கும். அதனால்தான் மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்கள் காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். வீட்டுக்கு அந்த வேலை வேண்டாம். விதையில் வளர்த்தால் பூக்க மூன்று நான்கு வருடமாகும்.

கிழங்கு வாங்கும்போது மட்டும் உஷார். மாநில மலர் என்று விலை ஏற்றிவிட்டு, நுனி போன துண்டைப் பையில் போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். கேட்டால் "மண்ணு சரியில்லீங்க" என்பார்கள். பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.