நசுங்கிய ஆழமும் மோதல் வேகமும்: ஒரே அளவு போதாது

கான்கிரீட் சுவரில் மோதிய காரின் முகப்பு நடுவில் 50 செ.மீ. உள்வாங்கியிருக்கிறது, அதிலிருந்து வந்த வேகத்தோடு பிரேக் தடம் காட்டும் வேகத்தையும் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அப்படியே கூட்டக் கூடாது. கூட்ட வேண்டியது ஆற்றலை, அதாவது வேகங்களின் வர்க்கத்தை. தடத்துக்கு மணிக்கு 40 கி.மீ., நசுங்கலுக்கு மணிக்கு 30 கி.மீ. என்றால் 1600-உம் 900-உம் சேர்ந்து 2500. அதன் வர்க்கமூலம் 50. நேரடியாகக் கூட்டினால் 70 வரும், ஓட்டியவர் மேல் வீண்பழி விழும்.

அப்புறம் அந்த 50 செ.மீ. அது அதிகபட்ச ஆழம் மட்டுமே. வழக்கமாக நசுங்கிய அகலத்தைச் சம இடைவெளியில் பிரித்து ஆறு இடங்களில் அளப்பார்கள். பம்பரின் பிளாஸ்டிக் உறையை நம்பாதீர்கள். அது பாதி மீண்டு வந்துவிடும், அல்லது கழன்று தொங்கும். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை, அதே மாடலின் சேதமில்லாத வண்டியோடு ஒப்பிட்டு அளவெடுங்கள்.

ஆழத்திலிருந்து வேகத்தைக் கணக்கிட எடுத்த விறைப்புக் கெழுக்கள், அதாவது முகப்பு நசுங்குவதை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண்கள், அந்த மாடலின் மோதல் சோதனையிலிருந்து எடுத்தவையா? பொதுப் பட்டியலில் இருந்து எடுத்திருந்தால், விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்லுங்கள்.