பந்தா இல்லாத மனிதர்கள் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கே: நம் நாட்டில் எந்தப் பகுதி மக்கள் பந்தா இல்லாமல் பழகுவார்கள்? எல்லா ஊரிலும் நல்லவர்கள் உண்டு என்று சொல்லி நழுவக் கூடாது. – வாசகி, திருப்பூர்

ப: நழுவவில்லை, மிசோரம்.

தலைநகர் ஐஸ்வாலை அடுத்த செலிங் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் மூங்கில் குடிசைக் கடைகள் இருக்கும், ஆனால் கடைக்காரர் இருக்க மாட்டார். கீரை, மிளகாய், வாழைப்பழம் எல்லாம் கூறு கட்டி வைத்து, விலையை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, காசு போட ஒரு டப்பாவும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சில்லறை வேண்டுமென்றால் அதே டப்பாவிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சின்ன விவசாயிகள், கடையில் ஒருவர் உட்கார்ந்தால் மலைச்சரிவு நிலத்தில் வேலைக்கு ஓர் ஆள் குறையும், அதனால் வழியில் போகிறவர்களை நம்பிவிட்டார்கள்.

பலரும் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அங்கே சாவு வீட்டில் நடப்பது. 1935-ல் தொடங்கிய இளம் மிசோ சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு. ஒருவர் இறந்துவிட்டால் அந்தப் பகுதி இளைஞர்கள் திரண்டு வந்து அவர்களே குழி வெட்டுகிறார்கள், இரவில் அந்தக் குடும்பத்தைத் தனியாக விடாமல் கூடவே உட்கார்ந்து பாடுகிறார்கள். செத்தவர் பெரிய அதிகாரியா கூலிக்காரரா என்று பார்ப்பதில்லை. நம் ஊரில் அந்த மண்வெட்டியை ஒரு சாதியின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறோமே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு வயதில் அடுத்தவர் வீட்டுக்காகக் குழி வெட்டிய கைக்கு, நாற்பது வயதில் 'நான் யார் தெரியுமா' என்று விரல் நீட்ட வராது என்பது என் எண்ணம்.

அதற்காக அங்கே குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1997-ல் இனமோதலுக்குப் பயந்து, அங்கே சிறுபான்மைப் பழங்குடியினரான புரூ மக்கள் ஆயிரக்கணக்கில் திரிபுராவுக்கு ஓடினார்கள், இருபது வருஷத்துக்கு மேல் முகாம்களிலேயே கிடந்தார்கள். தங்களுக்குள் இவ்வளவு அன்பாக இருப்பவர்கள் பக்கத்து இனத்திடம் அப்படி இல்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

கே: மிசோரமுக்கு நினைத்தவுடன் போய்வர முடியுமா? – வாசகர், தேனி

ப: வெளி மாநிலத்தவர் உள்ளே போக உள் எல்லை அனுமதிச் சீட்டு (இன்னர் லைன் பெர்மிட்) வாங்க வேண்டும். கொல்கத்தா, டெல்லியில் உள்ள மிசோரம் இல்லங்களில் தருகிறார்கள். 2025 செப்டம்பரில் ஐஸ்வால் பக்கத்திலுள்ள சாய்ராங் வரை ரயில் பாதையும் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அநேகமாக எல்லாக் கடையும் மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வழி பண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, வண்டி எடுத்தீர்கள் என்றால் தயவுசெய்து ஹாரனைத் தொடாதீர்கள். ஐஸ்வாலின் குறுகலான மலைச்சாலைகளில் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் நகரும், முந்தவும் மாட்டார்கள்.