இறால் குட்டையில் 14 லட்சம் போடலாமா?

கேள்வி: நான் தேவிபட்டினம் பக்கத்து ஆள். ஷார்ஜாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன், இப்போது சூப்பர்வைசர். இன்னும் சில மாதங்களில் ஊரோடு வந்துவிட எண்ணம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் ரூபாயில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. டெபாசிட்டில் 22 லட்சம் சேர்த்திருக்கிறேன். மனைவியின் அண்ணன் வனாமி இறால் பண்ணை வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு ஏக்கர் குட்டையைக் குத்தகைக்கு எடுக்க என்னை 14 லட்சம் போடச் சொல்கிறார். அமெரிக்க வரிக்குப் பயந்து பலர் ஒதுங்கியதால் குத்தகை மலிவாம். ஒரு அறுவடைக்கு 6 டன், கிலோவுக்கு 280 ரூபாய் செலவு, 340-க்கு விற்றால் 3.6 லட்சம் லாபம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். செலவில் மீதிக்குத் தீவனக் கடையில் கடன் கிடைக்குமாம். ரூபாய் வேறு விழுந்துகொண்டே இருக்கிறது. பணத்தைத் திர்ஹாமாகவே வைத்திருக்கலாமா? மூத்த மகள் பத்தாவது படிக்கிறாள்.

பதில்: 14 லட்சம் வேண்டாம். 3 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் அந்தக் குட்டையில் இறக்காதீர்கள். உங்கள் மச்சான் பொய்க்கணக்கு எழுதவில்லை. கிலோவுக்கு 60 ரூபாய் வீதம் 6,000 கிலோவுக்கு 3.6 லட்சம், கூட்டல் சரிதான். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் 340 என்ற எண் அவர் கையிலும் இல்லை, அவரிடம் வாங்கும் ஏஜென்ட் கையிலும் இல்லை.

2024-25-இல் இந்தியாவிலிருந்து போன கடல் உணவின் மதிப்பு ரூ.62,408 கோடி. டாலர் கணக்கில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால். அந்த இறாலை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா. அந்த நாடு 2025 ஏப்ரலில் நம் சரக்குக்கு 10 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 7 முதல் அது 25 ஆனது, ஆகஸ்ட் 27 முதல் 50. மலிவாகக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கவும், அரசு தரும் மானியத்தை ஈடுகட்டவும் இறாலுக்கு ஏற்கெனவே இருந்த வரிகள் தனி. அதே ஆகஸ்டில் ஈக்வடாருக்கு 15 சதவீதம்தான். உலகிலேயே அதிகம் இறால் ஏற்றுமதி செய்யும் அந்த நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் போகும் தூரமும் குறைவு. குஞ்சு விட்டு அறுவடை எடுக்க 100 முதல் 120 நாள் ஆகும். மேலே சொன்ன மூன்று வரி விகிதங்களும் ஐந்து மாதத்துக்குள் வந்தவை. ஜூனில் குஞ்சு விட்டவர் ஒரு கணக்கில் விட்டார், செப்டம்பரில் வேறு கணக்கில் பிடித்தார்.

அந்த வரியை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். சட்டப்படி கட்டுபவர் அமெரிக்காவில் சரக்கு இறக்குபவர். அவர் நம் ஏற்றுமதிக் கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். கம்பெனியிடம் குளிர்க் கிடங்கு இருக்கிறது. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம், சீனாவுக்கோ வியட்நாமுக்கோ ஐரோப்பாவுக்கோ திருப்பி விடலாம். அதுவும் போதாதபோது ஏஜென்டுக்குச் சொல்லும் விலையைக் குறைக்கும். குட்டைக்காரரால் எதையும் நிறுத்தி வைக்க முடியாது. இறால் வளர்ந்து நிற்கிறது, தினமும் தீவனம் தின்கிறது, தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வெள்ளைப்புள்ளி நோய் எட்டிப் பார்த்தால் சில நாளில் குட்டை காலி. சங்கிலியில் காத்திருக்க வழியில்லாத ஒரே ஆள் அவர்தான். அதனால் வரியின் பெரும்பாரம் அவர் விலையில் வந்து இறங்குகிறது.

அந்த ஆண்டு உங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு அறுவடையை நான் நின்று பார்த்தேன். விடியற்காலை மூன்று மணி. மதகைத் திறந்து வலையில் வடித்த இறாலைப் பிளாஸ்டிக் கூடையில் அள்ளி, ஐஸ் தண்ணீரில் முக்கி, எடைக்குக் கொண்டுவந்தார்கள். ஏஜென்ட் ஒரு கிலோவை நிறுத்து, டார்ச் வெளிச்சத்தில் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். 52. ஐம்பது கவுண்ட், அதாவது கிலோவுக்கு 50 இறால் என்று பேசி வைத்திருந்தார்கள். எண்ணிக்கை கூடினால் இறால் சிறியது என்று பொருள். அந்த இரண்டு இறாலுக்காக விலை ஒரு படி இறங்கியது. பிறகு போனை எடுத்து அன்றைய ரேட்டைக் காட்டினார். முந்தின நாள் மாலை சொன்ன விலை அதில் இல்லை. பண்ணைக்காரர் குட்டையைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் பாதி வடிந்துவிட்டது. மதகை மூடிப் பயனில்லை. "சரி, ஏத்துங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகுதான் இந்தத் தொழிலில் புதிதாகப் பணம் போட வருபவர்களிடம் நான் கறாராகப் பேச ஆரம்பித்தேன்.

மச்சானின் தாளிலேயே மாற்றிப் போட்டுப் பார்ப்போம். விலை மட்டும் 40 ரூபாய் குறைந்து 300 ஆனால் லாபம் 3.6 லட்சத்திலிருந்து 1.2 லட்சமாகச் சுருங்கும். நோயும் தட்டி 6 டன் 4.5 டன்னாகிவிட்டால் வரவு 13.5 லட்சம். செலவு 16.8 லட்சத்தில் தீவனம் கொஞ்சம் மிஞ்சும் என்று 16 லட்சமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத்தில் இரண்டரை லட்சம் நஷ்டம், அதற்கு மேல் தீவனக் கடைக் கடன். கடனில் தீவனம் தருபவர் பல இடங்களில் அறுவடையையும் தன் ஆளுக்கே விற்கச் சொல்வார். அப்போது நல்ல ரேட் சொல்லும் வேறு ஏஜென்ட் வாசலில் வந்து நின்றாலும் கொடுக்க முடியாது. நான் இதில் முதலில் வெட்டுவது அந்தக் கடனைத்தான்.

பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் இறாலுக்கு வரிவிலக்கு இருக்கிறதே என்று அவர் கேட்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் வரி போனாலும் பரிசோதனை போகாது. நம் பண்ணை இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் பார்ப்பதற்காக, வரும் சரக்குகளில் பாதியைச் சோதிக்கும்படி, பிரிட்டனும் அப்போது உறுப்பாக இருந்த ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் விதியை இறுக்கியது. யாரோ ஒருவர் குட்டையில் கொட்டிய மருந்துக்கு ஒரு கன்டெய்னரே திரும்பி வரும்.

வெளிநாட்டு முதலீடு நம் கரைக்குப் புதிதல்ல. மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டிக் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்க்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளர்ப்பை இங்கே ஒப்பந்த முறையில் பரப்பியது பெப்ஸி நிறுவனம். சில ஆண்டுகளில் அது தொழிலை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தது. பெரிய நிறுவனங்களின் நிர்வாக முடிவுகள் அப்படித்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடல் சூடேறிப் பாசி வெளுத்து உதிர்ந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று மறுபடி கயிறு கட்டியது அந்தப் பெண்கள்தான். அவர்களுக்கு நகர்ந்து போக இடமில்லை. உங்கள் குடும்பமும் இங்கேயேதான் இருக்கப் போகிறது, அதை மனதில் வைத்தே கணக்குப் போடுங்கள்.

மச்சானை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம், அது வீட்டில் வேறு வலியைக் கொண்டுவரும். 3 லட்சம் கொடுங்கள். ஊருக்கு வந்த பிறகு, பத்திரத்தில் எழுதிய கூட்டாகக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போதே குத்தகை நிலத்தில் பணம் போட்டால் அந்நியச் செலாவணி விதிகளில் தேவையில்லாமல் மாட்ட நேரிடும். கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தின் பதிவுச் சான்று அந்தக் குட்டைக்கு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த 3 லட்சமும் வேண்டாம். இரண்டு ஏக்கருக்குப் பதில் ஒன்று போதும், தீவனம் ரொக்கத்தில்.

ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்டது, ஆக திர்ஹாமாக வைத்திருப்பதும் டாலராக வைத்திருப்பதும் ஒன்றுதான். நீங்கள் போன புதிதில் ஒரு திர்ஹாம் 16, 17 ரூபாய். டாலர் 90 ரூபாயைத் தாண்டிய 2025 டிசம்பரில் அது 24-க்கு மேல். இந்த ஏற்றத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அங்கேயே வைக்கத் தோன்றும். ஆனால் மகளின் கல்லூரிச் செலவு இரண்டு வருஷத்தில் ரூபாயில் வரப்போகிறது, அந்த 6 லட்சம் ரூபாயிலேயே இருக்கட்டும். ஒரு வருஷ வீட்டுச் செலவுக்கு இன்னொரு 6 லட்சம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி. திரும்பி வரும் செலவுக்கும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கும் 2 லட்சம். மீதி 5 லட்சம். இனி வரும் சம்பளத்தில் அந்த அளவுக்குப் பணத்தை எஃப்.சி.என்.ஆர். என்ற வெளிநாட்டு நாணய டெபாசிட்டில் டாலராகவே போடுங்கள். ஊருக்கு வந்த பிறகும் முதிர்வு வரை அது தொடரலாம். என்.ஆர்.இ. கணக்கு அப்படியல்ல. நிரந்தரமாக வந்ததும் வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காகவோ, ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். உள்நாட்டுக் கணக்காக மாறினால் வட்டிக்கு வரி உண்டு. பலர் இதைத் தள்ளிப்போட்டு வருமான வரி நோட்டீஸோடு என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் பணிக்கொடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். 11 வருஷத்துக்கு 285 நாள். அடிப்படைச் சம்பளம் 2,400 திர்ஹாம் என்றால் 22,800 திர்ஹாம், ரூபாயில் ஐந்து லட்சத்துக்கு மேல். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் சம்பளச் சீட்டில் அடிப்படை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போடமாட்டார்கள். கூடவே இன்னொன்று. கிடங்கில் வெப்பநிலைப் பதிவேடு பராமரித்தது, உணவுப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் பதில் சொன்னது, கன்டெய்னர் ஏற்றியது எல்லாம் அனுபவச் சான்றிதழில் பிரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் வேலை தேடக்கூடிய, தூத்துக்குடி வரை இருக்கும் கடல் உணவு பதனிடும் ஆலைகளில் வெளிநாட்டுத் தணிக்கையாளர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதாம். அந்தச் சான்றிதழை ஆங்கிலத்தில், முத்திரையோடு, விமானம் ஏறும் முன் கையில் வாங்கிவிடுங்கள். வந்த பிறகு போனில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.