வெட்டி எடுத்த கர்ப்பப்பையில் இன்னும் என்னத்தைப் பார்க்கிறார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகம் என்று கோபியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கேன்சர் மாதிரி எதுவும் தெரியவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் எடுத்ததை ஈரோட்டுக்கு பயாப்சிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இது வீண் செலவா? பெண்களுக்கு வரும் கேன்சர்களில் லேப்காரர்கள் அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்கிறார்கள்?

பதில்: வீண் செலவு இல்லைங்க, யோசிக்காமல் அனுப்புங்க. நான் ஈரோட்டுப் பக்கம் பேத்தாலஜிஸ்ட். அந்த டப்பாவைத் திறந்து பார்க்கிற ஆள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிகளை விட்டால், ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த சதையை ஒரு டப்பாவில் போட்டுக் கூட இருப்பவர் கையில் கொடுத்து, "லேப்ல குடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவது எங்கள் பக்கம் சகஜம். அந்தியூரிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் அதை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். "ஏனுங் டாக்டரம்மா, அதான் எடுத்தாச்சே, இனி இதுல என்னத்தப் பாக்கறீங்கொ?" என்று நீங்கள் கேட்டதையேதான் அவர்களும் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

முதல் காரணம் உங்கள் அம்மா சம்பந்தப்பட்டது. ரத்தப்போக்குக்கு நார்க்கட்டிதான் காரணம் என்று எடுத்த கர்ப்பப்பையில், உள்சவ்விலோ வாய்ப் பகுதியிலோ புற்றுநோய் ஒளிந்திருப்பது உண்டு. அடிக்கடி வராது, வந்தால் வைத்தியமே மாறிவிடும். வாய்ப் பகுதியில் ஊடுருவிய கேன்சர் என்றால், சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்தது மட்டும் பல சமயம் போதாது. எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று நாங்கள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் ரேடியேஷனா, மறு ஆபரேஷனா, சும்மா கண்காணித்தால் போதுமா என்று முடிவு செய்வார்கள். சதையைத் தூக்கிப் போட்டுவிட்டால் பின்னால் யாராலும் அதைச் சொல்ல முடியாது.

ஆராய்ச்சி என்று கேட்டீர்கள் இல்லையா, அதில் என்னை இன்றைக்கும் அசத்துவது, சினைப்பையிலிருந்து முட்டை கர்ப்பப்பைக்கு வருகிற கருக்குழாயின் கதை.

சினைப்பைக் கேன்சர் சினைப்பையின் மேல்தோலில் ஆரம்பிக்கிறது என்றுதான் பல காலம் புத்தகங்களில் இருந்தது. அப்போதெல்லாம் கருக்குழாய்க்கு மரியாதையே கிடையாது. நடுவில் ஒரு துண்டு வெட்டி, ஒரு ஸ்லைடு போட்டு, 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். 1990களில், கோளாறானால் மார்பகக் கேன்சரும் சினைப்பைக் கேன்சரும் வரும் ஆபத்தைக் கூட்டுகிற பிஆர்சிஏ மரபணுக்களைக் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. அந்த மரபணுக் கோளாறு உள்ள பெண்கள், நோய் வருமுன்னே சினைப்பையையும் குழாயையும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். நல்லபடியாகத் தெரிந்த அந்தக் குழாய்களை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பொறுமையாகப் பார்த்தபோது, கேன்சருக்கு முந்தைய நிலைச் செல்கள் குழாயின் உள்சவ்விலேயே இருந்தன. 2001இல் அதை எழுதினார்கள். அடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் குழு, இந்தச் செல்கள் பெரும்பாலும் குழாயின் கடைசி முனையில்தான் இருக்கின்றன என்று காட்டி, அந்த முனையை எப்படி வெட்ட வேண்டும் என்று ஒரு முறையையும் வகுத்துக் கொடுத்தது.

அந்த முனை, சேலை முந்தானையில் முடிச்சுப் போட்ட குஞ்சம் போலப் பிரிபிரியாக இருக்கும். சினைப்பையை ஒட்டியே தொங்கும். பழைய வழக்கப்படி குறுக்கே வெட்டினால் அந்த மடிப்புகளில் முக்கால்வாசி கண்ணில் படாமலே போகும். இப்போது கடைசி 2 சென்டிமீட்டரைத் தனியாக எடுத்து நீளவாக்கில் நான்காகப் பிளக்கிறோம். மீதிக் குழாயை 2, 3 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி ஒன்று விடாமல் மெழுகில் பதிக்கிறோம். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இந்த முழு முறை. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குக் குழாயில் ஓரிரு துண்டும், அந்த முனையும்.

மைக்ரோஸ்கோப்பில் அது எப்படித் தெரியும் என்றால், வரிசையாக, ஒரே சீராக, மேலே மெல்லிய இழைகளோடு நிற்கிற செல்களுக்கு நடுவில் திடீரென ஒரு சின்ன இடத்தில் இழைகள் காணாமல் போயிருக்கும். உட்கருக்கள் பெருத்துக் கறுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மொத்த அகலமே ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாமல் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பி53 என்ற புரதத்துக்கான சாயம் போடுவோம். அந்த இடம் மட்டும் அடர்ந்த பழுப்பாகிவிடும், அல்லது சுத்தமாக நிறமே பிடிக்காது. இரண்டுமே கெட்ட சேதிதான்.

சினைப்பைக் கேன்சரில் அதிகம் பேரைக் கொல்லுகிற வகைக்குப் பெரும்பாலும் ஆரம்பம் இங்கேதான் என்று இப்போது பரவலாக ஏற்றுக்கொண்டாகிவிட்டது. 2017இல் அமெரிக்காவில் ஒரு குழு மரபணு மாற்றங்களை வரிசைப்படுத்திக் கணக்குப் போட்டதில், குழாயில் இந்தப் புள்ளி தோன்றி அது சினைப்பைக் கேன்சராக மாறச் சராசரியாக 7 வருஷம் ஆகலாம் என்று வந்தது. சில பேரின் திசுவை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது, கல்லில் எழுதியதாக எடுக்க வேண்டாம். ஆனால் அந்த இடைவெளியில் வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி இல்லை என்பதுதான் கொடுமை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு வருஷா வருஷம் சினைப்பைக் கேன்சரில் கூடக்கூடிய சிஏ-125 என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும், இன்னொரு பிரிவுக்கு ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். சாவு குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. மாஸ்டர் செக்கப் பட்டியலில் சிஏ-125ஐச் சேர்த்து விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதனால்தான் பல நாடுகளில், வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது சினைப்பையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2010இலேயே இதை ஆரம்பித்தது. சினைப்பை இருப்பதால் ஹார்மோனுக்குக் குறைவில்லை. உங்கள் அம்மாவுக்குக் குழாயையும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். எடுத்திருந்தால் அதுவும் டப்பாவில் இருக்க வேண்டும்.

கர்ப்பப்பை வாய்க் கேன்சர் விஷயம் வேறு. அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற இடம். கட்டித் திசுவிலிருந்து, இந்தக் கேன்சருக்கு முக்கியக் காரணமான ஹெச்பிவி 16 வைரஸை ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹவுசன் குழு 1983இல் பிரித்தெடுத்தது, 2008இல் அவருக்கு நோபல் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியும். நம் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து அம்பிளிக்கையைப் பற்றி இங்கேயே யாருக்கும் தெரியாது. அங்குள்ள மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய சோதனை நடத்தின. பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வாய்ப் பகுதியில் நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர் சரக்கு, தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாகிற இடத்தில் சந்தேகம். சோதனை செய்யப்பட்ட ஊர்களில் கேன்சர் வருவது 25 சதவீதமும், அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் வந்தது. வெள்ளையானதெல்லாம் கேன்சர் ஆகாது. எது ஆகும் என்று சொன்னது பயாப்சிதான். உங்கள் வீட்டில் 30 தாண்டிய பெண்கள் யாரும் இந்தப் பரிசோதனை செய்யாமல் இருந்தால், அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம்.

உள்சவ்வுக் கேன்சரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் அமெரிக்காவின் கேன்சர் ஜீனோம் அட்லஸ் குழு 373 கட்டிகளை மரபணு வரை ஆராய்ந்து, நான்கு ரகம் என்று பிரித்தது. ஸ்லைடில் பார்த்தால் பயங்கரமாகத் தெரிகிற சில கட்டிகள், பிஓஎல்இ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் பெரும்பாலும் நோயாளியை ஒன்றும் செய்வதில்லை. பி53 கெட்ட ரகம் மோசம். இன்னொரு ரகத்தில் டிஎன்ஏ பழுது பார்க்கிற புரதம் இல்லாமல் இருக்கும். அதில் ஒரு பகுதியினருக்கு அது பரம்பரையாக வந்தது. அந்தக் குடும்பத்தில் பெருங்குடல் கேன்சரும் வரலாம். அதனால்தான் சில ரிப்போர்ட்டுகளுக்குப் பிறகு டாக்டர் உங்கள் பெரியப்பா, அத்தை வரை விசாரிப்பார். பி53க்கும் பழுது பார்க்கும் புரதங்களுக்கும் சாயம் போடுவது கோயம்புத்தூரில் சாதாரணமாக நடக்கிறது. பிஓஎல்இ-க்கு மரபணு வரிசை பார்க்க வேண்டும், அது இன்னும் எட்டாத விலை.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் சதை கெடாமல் வந்து சேர வேண்டும். ஊறுகாய் டப்பா சைசில் கர்ப்பப்பையைத் திணித்து, மேலே நாலு சொட்டு ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கிற திரவம்) விட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சலைனில் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அது பஸ்ஸில் வந்தால் உள்ளே அழுகிப்போகும், சாயமும் பிடிக்காது. ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட நுழையாது. சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு இருந்தால் நல்லது. அகல வாய் டப்பா, மூடியில் இல்லாமல் டப்பா மேலேயே பெயரும் வயதும், கூட ஒரு சீட்டில் நோய் விவரம். இதை நர்சிடம் கேட்டு வாங்குங்க. கூச்சப்பட வேண்டாம்.

ஒருவேளை ரிப்போர்ட்டில் ஏதாவது இருந்து கோவைக்கோ அடையாறுக்கோ வேலூருக்கோ போக வேண்டி வந்தால், ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீங்க. மெழுகுக் கட்டி இருக்கிறதே, பிளாக், அதையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்க. புதுச் சாயம் எதுவானாலும் அதிலிருந்துதான் வெட்டிப் போட முடியும். பல வருஷம் ஆனாலும் ஒன்றும் ஆகாது, வெயில் படாமல் வைத்திருந்தால் போதும்.