ஒரு மண்டலத்துக்கு மட்டும்

கேள்வி: பள்ளி மண்டலங்களில் வேகக் கட்டுப்பாட்டை அமல்படுத்தத் தானியங்கிக் கேமரா வைக்கலாம் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு கிடைக்குமா, இல்லை, கல்லா கட்ட அரசுக்கு இன்னொரு வழியா?
— ஓர் ஆசிரியை, கருங்கல்

பதில்: டீச்சர், ‘பள்ளி மண்டலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூல் ஸோனை இப்படித் தமிழாக்கியவர் யாரோ, நல்லா இருக்கட்டும். மண்டலம் என்றால் மற்றவர்களுக்குச் சோழமண்டலமும் தொண்டைமண்டலமும் ஞாபகம் வரும். எனக்குக் கஷாயம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே பக்கத்தில் வேகத்தடைகளைத் திட்டி எழுதியிருந்தேன். வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது, இருட்டில் முதுகெலும்பு சொல்லித்தான் அது வேகத்தடை என்று தெரிகிறது என்று. உடனே தக்கலையிலிருந்து ஒரு வாசகர், ‘ஆசிரியருக்கு இடுப்புவலி, அதனால் ஊருக்கெல்லாம் வேகத்தடை வேண்டாம் என்கிறார்’ என்று கடிதம் போட்டார். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஆகாது. இடுப்புவலி என்னவோ உண்மை. நாட்டு வைத்தியம் பார்க்கிற ஆசான் ஒருவரிடம் போனேன். எண்ணெய் போட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, “ஒரு மண்டலம் கஷாயம் குடியும். மீன் தொடக்கூடாது” என்றார். நாற்பத்தெட்டு நாள், இந்தக் குமரி ஜில்லாவில், மீன் இல்லாமல்! ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் போட்ட புளிமுளமும் வைத்தார்கள். அதோடு என் மண்டலம் முடிந்தது. வலி இன்னும் இருக்கிறது. தக்கலை வாசகரும் இருக்கிறார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மூரில் எந்தச் சாலை விதிக்கும் ஆயுசு ஒரு மண்டலம்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கெடுபிடி தொடங்கிய முதல் நாள் ரோட்டோரத்தில் ஹெல்மெட் கடைகள் முளைக்கும். இரண்டாவது வாரம் ஹெல்மெட் தலையில் இருக்கும். நாலாவது வாரம் பைக் கண்ணாடியில் தொங்கும். மண்டலம் முடியும்போது வீட்டுப் புறவாசலில் கோழி அதில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அடுத்த கெடுபிடிக்குக் கோழியை எழுப்பிவிட்டால் போதும், புதிது வாங்க வேண்டாம்.

மண்டலம் ஏன் பாதியில் முறிகிறது? நிறுத்துகிறவரும் நிற்கிறவரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள், அதனால்தான். 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது பஸ் கண்டக்டருக்குத்தான் தெரியும். வண்டியை நிறுத்தினால் முதல் கேள்வி லைசென்ஸ் எங்கே என்பதில்லை. “நீ யாருக்க மவன்?” என்பதுதான். பதில் வந்ததும் பாதிக் கேஸ் கரைந்துவிடும். மீதிப் பாதி, பையன் போனில் யாரையோ கூப்பிட்டு “இந்தாங்க சாரே, மாமா பேசுறாங்க” என்று நீட்டும்போது கரையும்.

கேமரா யாருக்க மவன் என்று கேட்காது. எனக்கு அதைப் பிடித்திருப்பது அதற்காகத்தான். அதற்கு மாமா கிடையாது. நாற்பத்தொன்பதாம் நாளும் அது அங்கேயேதான் நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். கேரளத்தில் 2023 ஏப்ரலில் 726 கேமராக்களைத் திறந்துவைத்து, ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டும்போது நம்மாட்களின் சீட் பெல்ட் தானாகப் பூட்டிக்கொள்கிறது. திரும்பி வரும்போது அதே இடத்தில் தானாகக் கழன்றுகொள்கிறது. தானியங்கி என்றால் இதுதான் தானியங்கி! ஆனால் அந்த 726-இல் வேகத்தைப் பிடிக்க வைத்தவை எட்டே எட்டு. மீதி பெரும்பாலும் ஹெல்மெட், பெல்ட், கையில் செல்போன், பைக்கில் மூன்று பேர் என்று பார்ப்பவை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, வேகத்துக்கு வருவோம். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நான் போன மாசம் நின்றேன். மணி அடித்ததும் பிள்ளைகள் அணை திறந்த மாதிரி வெளியே வருகிறார்கள். ஒரு சின்னவன் கையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி நழுவி, விளிம்பில் நின்றபடியே உருண்டு ரோட்டுக்குப் போகிறது. அவன் கண்ணுக்கு ரோடு தெரியவில்லை, மூடிதான் தெரிகிறது. பின்னாலேயே ஓடுகிறான்.

25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் போகும். 50-இல் பதினாலு. ஓட்டுகிறவர் பையனைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். பிரேக்கைத் தொடும் முன்பே பதினாலு மீட்டர் போயாச்சு. அப்புறம் வண்டி இழுத்து நிற்கிற தூரம் இருக்கிறதே, வேகம் இரண்டு மடங்கானால் அது நாலு மடங்காகும். “கொஞ்சம் ஸ்பீடா வந்துட்டேன்” என்பவர்களுக்கு இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பில் யாராவது போட்டுக் காட்டியிருக்கலாம். எழுத்தறிவில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று அதே 2011 கணக்கெடுப்பு நமக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. பலகையில் போட்டிருக்கும் 25-ஐ எல்லோருமே வாசித்துவிட்டுத்தான் அறுபதில் போகிறோம்.

மூடிக்கார பையனுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. வாசலில் ஒரு ஆயா நின்றார். கையில் கறுப்புக் குடை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பையன் ஓடியதும் குடையை ரோட்டின் நடுவில் பட்டென்று விரித்தார். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் வந்த பைக்காரனைப் பார்த்து, “ஏலே, நீ இன்னாருக்க பேரனில்லா? உனக்க அம்மைட்ட சொல்லட்டா?” என்றார். பையன் ஹெல்மெட் இல்லாத தலையைக் குனிந்துகொண்டான். ஆள் தெரிவதால் விதி கரைகிறது என்று மேலே எழுதினேன். இந்த ஆயாவிடம் மட்டும் அது தலைகீழ். குடையில் ரேடார் எதுவும் இல்லை, நானே பார்த்தேன்.

ஆனால் ஒரு ஆயா எத்தனை வாசலில் நிற்பார்? கேமரா பேச்சு அங்கேதான் வருகிறது. வேகக் கேமராவைக் கண்டுபிடித்தவர் கதை தெரியுமா? மௌரிஸ் காட்சோனிடஸ், டச்சுக்காரர், கார் பந்தய வீரர். 1953-இல் மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தவர். வளைவுகளில் தான் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று அளந்து, இன்னும் வேகமாகப் போவதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தார். போலீஸ் அதை வாங்கிக்கொண்டது. வீட்டுக்குப் பூட்டுச் செய்யச் சொன்னால் முதலில் திருடனைக் கூப்பிட வேண்டும் என்று என் தாத்தா சொல்வார்.

நீங்கள் கேட்ட ‘கல்லா’ சந்தேகம் கனடாவிலும் வந்தது. டொராண்டோவில் பள்ளிக்கூடங்கள் பக்கம் கேமரா வைத்தார்கள். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், வேக வரம்பை மீறிய வண்டிகளின் விகிதம் 45 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியும் ஒன்டாரியோ மாகாண முதல்வர் டக் ஃபோர்டு, இது வெறும் காசு பிடுங்குகிற வேலை என்று சொல்லி 2025 நவம்பரில் மாகாணம் முழுக்கத் தடை போட்டுவிட்டார். அதற்கு முன்பே ஒரு கேமராவை ஜனங்கள் திரும்பத் திரும்ப வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு தடவை அதைக் கொண்டுபோய்ப் பூங்காவிலிருந்த வாத்துக்குளத்தில் போட்டார்கள். நம்மூரில் அந்தப் பயம் இல்லை. கேமராவைப் பிடுங்கினாலும் போடுவதற்குக் குளம் வேண்டுமே. இருந்ததில் எத்தனையோ இப்போது மண்ணுக்கடியில். குளத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்பது வாசகர்களுக்குத் தெரியும், அதனால் இங்கேயே நிறுத்துகிறேன்.

அபராதம் சட்டப்படி காருக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம், லாரிக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம். அந்தப் பணத்தில் அதே பள்ளிக்கூட வாசலில் நடைபாதை போட்டால் கல்லா என்று நான் சொல்லமாட்டேன். எனக்குள்ள சந்தேகம் வேறு. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு போகிற டிப்பர்கள் சிலவற்றின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நம்பர் மேல் ஒரு அங்குலச் சேறு. மழைக்காலத்திலும் அது கரைவதில்லை. அந்தச் சேற்றைத் துடைக்கப் பழையபடி ஒரு மனிதர்தான் ரோட்டில் இறங்க வேண்டும்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். என் ஸ்கூட்டருக்கு அபராதம் வந்ததே எனக்குத் தெரியாது. வண்டி வாங்கியபோது என் போன் நம்பருக்குப் பதிலாகக் கடைப் பையன் தன் நம்பரைக் கொடுத்துவிட்டான். அவன் அப்புறம் மஸ்கட் போய்விட்டான். நோ பார்க்கிங்கில் வண்டியை நான் நிறுத்தியதற்கு அவன் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு, “சாரே, இனி இப்படி நிறுத்தாதீங்க, ராத்திரி மெசேஜ் வருது” என்றான். வெட்கமாகப் போயிற்று.

கடைசியாக, விதிமுறையில் எனக்குப் பிடித்த ஒரு இடம். 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ விதிப்படி, இந்தக் கருவிகளுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். ஒளிந்திருந்து பிடிக்கக்கூடாது, நியாயம்தான். ஆனால் பலகை என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. இந்த ஜில்லாவில் நான் பார்த்த பலகைகளில் முக்கால்வாசி ‘பள்ளி பகுதி, மெதுவாக செல்லவும்’ என்றுதான் இருக்கின்றன. மெதுவாகப் போகச் சொல்கிற பலகையை எழுதியவரே ஒரு ‘ப்’பையும் ஒரு ‘ச்’சையும் கவனிக்காமல் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறார்.

நீங்கள் கடிதத்தில் ‘வேகக் கட்டுப்பாட்டை’ என்று ஒற்றுப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கேமரா வந்தால், பலகை எழுத வரும் பெயின்டரைத் தனியாக விடாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள்.