வாட்சைப் பார்சல் கட்டும் முன்: ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஜப்பானில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் இணையத்தில் 24,000 ரூபாய்க்கு ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கினேன். கிரெடிட் கார்டில் பணம் கட்டினேன். சுங்க வரி (டூட்டி), சேவைக் கட்டணம் என்று கூரியரில் 9,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். கைக்கு வந்து 19 நாள் ஆகிறது. முதல் நாளிலிருந்தே ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. விற்பனையாளர் “உங்கள் செலவில் அனுப்புங்கள், பார்க்கிறோம்” என்கிறார். கூரியர் அலுவலகத்தில் ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதி) எண் இல்லாமல் எடுக்கமாட்டார்களாம். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் 4,500 ரூபாய்க்கு, ‘கிஃப்ட்’ என்று போட்டு 500 ரூபாய் மதிப்பு காட்டி அனுப்பித் தருவதாகச் சொல்லி 1,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிவிட்டார். அனுப்பலாமா? கட்டிய டூட்டி திரும்பக் கிடைக்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அந்த ஏஜென்ட் மூலமாக, அந்த மதிப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். என்ன செய்வார் என்று விற்பனையாளர் தெளிவாக எழுதித் தரும்வரை வேறு எந்த வழியிலும் அனுப்பாதீர்கள். வாட்ச் உங்களிடம் இருக்கும்வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. நான் 20 வருடத்துக்கு மேல் சுங்கக் கிளியரிங் வேலையில் இருந்தவன். திருப்பி அனுப்பிய பொருளும் போய், பணமும் போய், கையில் கூரியர் ரசீதோடு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில், பழுது உண்மையிலேயே பழுதுதானா என்று பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வாட்ச் கை அசைவில்தான் சாவி ஏற்றிக்கொள்ளும். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் கையில் அது முழுதாக ஏறாது. பக்கத்துத் திருகை வெளியே இழுக்காமல் 30, 40 சுற்று சுற்றி மேசைமேல் வையுங்கள். (சில மாடல்களில் கையால் சாவி கொடுக்க முடியாது. அப்படியென்றால் ஒரு நாள் முழுக்கக் கட்டி நடமாடிவிட்டு வையுங்கள்.) உதாரணத்துக்கு, ஜப்பான் நிறுவனமான சீக்கோவின் 4ஆர்36 இயந்திரம் முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். உங்களுடையது ஆறேழு மணி நேரத்தில் நின்றால் பழுது, சந்தேகமில்லை. பக்கத்தில் போன் கடிகாரத்தை வைத்து, ஓடும்போதும் நின்ற பிறகும் வீடியோ எடுங்கள். ஆனால் வாட்ச் நிற்கவில்லை, நேரம்தான் முந்துகிறது, பிந்துகிறது என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே 4ஆர்36-க்கு அந்த நிறுவனமே நாளொன்றுக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்றுதான் சொல்கிறது. அந்த அளவுக்குள் இருந்தால் எந்த விற்பனையாளரும் அதைக் குறை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

உள்ளூர் வாட்ச் ரிப்பேர் கடையில் “சும்மா திறந்து பார்க்கலாம்” என்று சொன்னால் கொடுக்காதீர்கள். திருப்பூர்க்காரர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த வாட்சின் பின்மூடியில் கருவி மாட்டும் ஆறு பள்ளங்கள் இருந்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு ஒரு பளபளப்பு. ரிப்பேர்க்காரர் சரியான கருவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து நெம்பியிருக்கிறார். உள்ளே எதையும் தொடவில்லை, பார்த்துவிட்டு மூடிவிட்டார். விற்பனையாளர் அந்தக் கீறலைப் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பி, “வாங்கியவர் திறந்திருக்கிறார், எங்கள் பொறுப்பு முடிந்தது” என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டார். அதற்குமேல் வாதாட எங்களிடம் ஒன்றும் இல்லை.

இப்போது விற்பனையாளரின் “பார்க்கிறோம்” என்ற சொல்லுக்கு வருவோம். அதற்கு அர்த்தமே கிடையாது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? வாட்ச் போய்ச் சேர்ந்தால் பணம் தருவாரா, ரிப்பேர் செய்து தருவாரா, வேறு வாட்ச் தருவாரா? எத்தனை நாளில்? இதையெல்லாம் வாங்கிய தளத்தின் மெசேஜ் பகுதியிலேயே கேளுங்கள். வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். அங்கே பேசியதை நாளைக்குத் தளமும் வங்கியும் சாட்சியாக எடுத்துக்கொள்வது கஷ்டம். கூடவே அந்தத் தளத்தில் புகாரை இன்றே முறைப்படி பதிவு செய்துவிடுங்கள். ஈபே மாதிரித் தளங்களில் பொருள் கைக்கு வந்து 30 நாள்தான் அவகாசம். உங்களுக்கு 19 போய்விட்டது.

பதிவு செய்தபின் விற்பனையாளர் குழைந்து பேசுவார். “புகாரை மூடிவிடுங்கள், உடனே பணம் அனுப்புகிறேன், என் ரேட்டிங் கெட்டுப்போகும்” என்பார். மூடாதீர்கள். பேபால் என்ற இணையப் பணப் பட்டுவாடாச் சேவையில்கூட நீங்களே மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. பணம் கணக்கில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மூடினால் போதும்.

ஏஜென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இதில் விழுகிறார்கள். 24,000 ரூபாய் வாட்சை 500 ரூபாய் ‘கிஃப்ட்’ என்று எழுதினால் என்ன ஆகும்? பார்சல் தொலைந்தால் நீங்கள் அறிவித்த மதிப்புக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது. விற்பனையாளர் “எனக்கு வந்தது 500 ரூபாய்ப் பொருள், நான் விற்ற வாட்ச் இல்லை” என்று சொன்னால், உங்கள் கையெழுத்துள்ள தாளே அவருக்குச் சாட்சி. டூட்டியைத் திரும்பக் கேட்கும் வழியும் அதோடு அடைபட்டுவிடும். 24,000 ரூபாய் வாட்சுக்குக் கட்டிய வரியை 500 ரூபாய்ப் பரிசை வெளியே அனுப்பியதைக் காட்டிக் கேட்க முடியுமா? பொய் விவரம் கொடுத்ததற்குச் சுங்கத்துறை பிடித்தாலும் மாட்டுவது நீங்கள்தான். அனுப்புநர் இடத்தில் ஏஜென்ட் தன் பெயரைப் போடவே மாட்டார். அவருக்குக் கமிஷன் அன்றைக்கே முடிந்துவிடுகிறது. ‘ரிப்பேர் ஆகித் திரும்பி வரும்போதும் கிஃப்ட் என்று போட்டால் டூட்டி வராது’ என்றும் இவர்கள் சொல்வார்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கியும் உயிர் காக்கும் மருந்தும்தான் மிச்சம்.

ஐ.இ.சி. என்பது ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் செய்பவர்கள் எடுக்க வேண்டிய எண். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளை அனுப்பும் தனிநபருக்கு அது தேவையில்லை. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் கூரியர் கவுன்டரில் இருப்பவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. “சிஸ்டம் கேட்கிறது” என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த இடத்தில்தான் ஏஜென்ட்டுகள் கடை விரிக்கிறார்கள். சாதாரண மனிதன் தன் சொந்தப் பொருளைத் திருப்பி அனுப்ப ஒரு நேரான வழியைக் கவுன்டரில் எழுதி ஒட்டுவதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

விற்பனையாளர் எழுதித் தந்த பிறகு நீங்கள் தலைமை அஞ்சலகத்துக்குப் போங்கள். வெளிநாட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாமா என்று கேட்டு, சுங்க அறிவிப்புப் படிவமான சி.என்.23-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் விவரத்தில் வெறுமனே ‘வாட்ச்’ என்று எழுதாமல், பழுதான கைக்கடிகாரம், விற்பனையாளருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது, இந்த மாடல், இந்த வரிசை எண் என்று எழுதுங்கள். மதிப்பில் நீங்கள் கொடுத்த உண்மையான விலையைப் போடுங்கள். உள்ளே வாங்கிய பில்லின் நகலும், வாட்ச் இந்தியாவுக்கு வந்தபோது இருந்த கூரியர் எண்ணும் வையுங்கள். இது இல்லாவிட்டால் ஜப்பான் சுங்கத்தில் அது புதுச் சரக்காகப் போய், அங்கே உள்ள 10 சதவீத நுகர்வு வரி விற்பனையாளர் தலையில் விழும். அதை அவர் உங்கள் பணத்திலிருந்துதான் கழிப்பார்.

வரிசை எண்ணைப் பற்றி ஒரு பேச்சு. விற்பனையாளர் பணம் தராமல் ரிப்பேர் செய்து தருகிறேன் என்றால் நிலைமை வேறு. ரிப்பேருக்காக வெளிநாடு அனுப்பி மூன்று வருடத்துக்குள் திரும்பி வரும் பொருளுக்கு முழு விலைக்கு டூட்டி கிடையாது. ரிப்பேர்ச் செலவு, போகவரச் சரக்குக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் மேல் மட்டும்தான். வாரன்ட்டியில் இலவசமாகச் செய்து தந்தாலும், அந்த வேலைக்கு நியாயமாக என்ன ஆகியிருக்குமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்; ‘இலவசம்’ என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். ஆனால் இந்தச் சலுகை, போன அதே வாட்ச் திரும்பி வந்தால் மட்டும்தான். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே ஸ்ட்ராப் என்பது போதாது. பின்மூடியில் உள்ள எண் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண் நீங்கள் அனுப்பும்போதே தாளில் ஏறியிருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு “இது என் வாட்ச்தான்” என்று போட்டோவைக் காட்டினால் அதிகாரி ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. ரிப்பேர் என்றே முடிவானால், ‘ரிப்பேருக்குப் போகிறது, திரும்பி வரும்’ என்ற வார்த்தைகளும் படிவத்தில் இருக்கட்டும். அஞ்சலக முத்திரை விழுந்த நகலைப் பத்திரப்படுத்துங்கள். விற்பனையாளர் நல்ல மனதோடு பழையதை வைத்துக்கொண்டு புது வாட்ச் அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். சுங்கத்தின் கண்ணில் அது வேறு பொருள். முழு டூட்டியும் இரண்டாவது தடவை கட்ட வேண்டும். ஒரே பழுதுக்கு இரண்டு டூட்டி கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ‘மாற்று வாட்ச்’ என்று விற்பனையாளர் சொன்னால் உடனே சந்தோஷப்படாமல், அந்த டூட்டியை யார் கட்டுவது என்று கேளுங்கள்.

அந்த எண்ணைப் படம் எடுத்து வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சீக்கோ வாட்சுகளில் ஆறு இலக்க வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம்; இரண்டாவது மாதம். 9 வரை எண்ணாகவும், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அந்த மாதங்களின் ஆங்கில முதல் எழுத்தாகவும் வரும். ‘புதுசு’ என்று வருவது உண்மையில் எந்த வருடத்துச் சரக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

டூட்டி திரும்பக் கிடைக்குமா என்றால், சட்டத்தில் இடம் இருக்கிறது. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. பொருள் பழுதாக வந்திருக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தியிருக்கக் கூடாது. 30 நாளுக்குள் நாட்டை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். எனவே இன்று முதல் அந்த வாட்சைக் கையில் கட்டாதீர்கள். 30 நாளை நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். சுங்க அதிகாரி விடுவிப்பு ஆணை போட்ட நாள்தான் கணக்கு. அது கூரியர் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்கான சுங்க ஆவணம்) இருக்கும். உங்களுக்கு 19 என்றால் அவர்களுக்கு 22, 23 ஆகியிருக்கலாம். காரணம் காட்டி ஆணையரிடம் மூன்று மாதம் வரை நீட்டிப்பு கேட்கலாம். அதற்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள், விற்பனையாளரோடு நடந்த மெசேஜ்களை இணைத்து. திரும்ப வருவது வரி மட்டும். கூரியர் பிடித்த சேவைக் கட்டணம் வராது.

கிடைக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. கன்டெய்னர் கணக்கில் இறக்குபவருக்கு வக்கீல் இருக்கிறார், ஆள் இருக்கிறார். ஒற்றை வாட்சுக்காக ஒருவர் வந்து நின்றால், அதே பிரிவைக் காட்டினாலும், “பொருளை அடையாளம் காட்டும் சான்று எங்கே” என்று மூன்று முறை அலையவிடுகிறார்கள். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். கவுன்டர்தான் ஒன்றாக இல்லை. இருந்தாலும் கடிதத்தைப் போட்டு வையுங்கள்.

விற்பனையாளர் கடைசிவரை இழுத்தடித்தால் உங்கள் பலம் கார்டு. பழுதான பொருளுக்கு வங்கி மூலம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொதுவாக 120 நாள் அவகாசம். பொருளைத் திருப்பித் தந்தீர்களா, அல்லது தர முயன்றீர்களா என்று வங்கி கேட்கும். அதனால்தான் மெசேஜ்களை எழுத்தில் வைக்கச் சொன்னேன். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-ல் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். நுகர்வோர் ஆணையத்திலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத விற்பனையாளரிடம் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் வசூலிப்பது பெரும்பாடு. தளத்துக்கு இங்கே அலுவலகம் இருந்தால் மட்டும் அந்த வழியை நினையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், விற்பனையாளரிடம் வேறொன்றைக் கேட்பேன். வாட்ச் என்னிடமே இருக்கட்டும், போகவரச் செலவும் ரிப்பேர்ச் செலவும் சேர்த்து ஒரு தொகையைத் திருப்பிக் கொடுங்கள் என்பேன். ஜப்பானுக்கு இழுத்தடிப்பதைவிட அவருக்கும் இது லாபம் என்பதால் பெரும்பாலானோர் பேரத்துக்கு வருவார்கள். சம்மதித்தால், பணம் கார்டில் ஏறிய பிறகு நல்ல சர்வீஸ் சென்டரில் திறக்கக் கொடுங்கள். எப்படிப் போனாலும், அந்த ஏஜென்ட்டிடம் கொடுத்த 1,000 ரூபாயை நாளைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள். வாட்சை அவரிடம் விட்டு வந்திருந்தால், முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.